அக்காவின் கஷாயமும் அத்தானின் முகமும்

எங்கள் குடும்பத்தில் பாகம் பிரித்தபோது மூக்கு முழுவதும் அக்காவின் பங்குக்குப் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது வருஷம் முழுக்க மூக்கடைப்பு. எதிரில் ரோஜாவை நீட்டினாலும் ரப்பரை நீட்டினாலும் எனக்கு ஒன்றுதான்.

அக்கா துணி தைப்பவள். மூன்றாவது மாடியில் அவள் வீடு. சமையலறை வாசலை ஒட்டியே தையல் மெஷின். காலர் திருப்புவது, ஜிப் மாற்றுவது, நேற்றுவரை ஒல்லியாக இருந்தவர்களின் பேன்ட்டைப் பிரித்து விடுவது என்று நாள் முழுக்க அது கடகடத்துக்கொண்டே இருக்கும். அடுப்புக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பாள். ஆனாலும் சூப் கொதித்து இறங்கும் பதம் வந்துவிட்டால் தானாகவே எழுந்துவிடுவாள். வாசனை வந்து தோளைத் தட்டும் போலிருக்கிறது.

சமையலறை அலமாரியில் ஒரே அளவு ஜாம் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். எதிலும் பேர் எழுதியிருக்காது. "ஒரு சீட்டு ஒட்டினா என்ன குறைஞ்சு போயிடும் உனக்கு?" என்று நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

"பேர் எழுதிட்டா பேரைப் பாத்து எடுப்பேன். மூடியைத் திறந்து மோந்து பாத்து எடுத்தா, அது என்னன்னும் தெரியும், கெட்டுப்போச்சான்னும் தெரியும்" என்பாள். இதற்கு மேல் அவளிடம் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை.

கட்டடத்தில் யாருக்குத் தும்மல் வந்தாலும் மூன்றாவது மாடிக்கு ஏறி வருவார்கள். பாத வெடிப்புக்கு மெழுகும் எண்ணெயும் காய்ச்சிய களிம்பு, வாய் கசந்து கிடப்பவர்களுக்குப் பூண்டும் எலும்பும் போட்ட சூப். நெஞ்சு வலி என்று ஒருவர் வந்து நின்றபோது மட்டும், "இங்க எதுக்கு வந்தீங்க? முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. சூப் எங்கயும் ஓடிப்போகாது" என்று விரட்டினாள். கைவைத்தியம் எங்கே முடிகிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

இந்த வைத்தியத்தை எல்லாரையும்விட அதிகமாக அனுபவித்தவர் அத்தான். அவர் பெயின்டர். பழைய சுவர்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, தூசியை விழுங்கி, வறட்டு இருமலோடு வீடு திரும்புவார். சுக்கு, மிளகு, அதிமதுரம், இன்னும் ஏதேதோ போட்டு அக்கா ஒரு கஷாயம் வைப்பாள். அந்த வீட்டில் இரண்டு சட்டங்கள். வைத்தவள் அதை வாயில் வைக்கக் கூடாது, முகர்ந்துதான் பதம் பார்க்க வேண்டும். கொடுத்தவள் டம்ளர் காலியாகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அத்தான் அதைக் குடிப்பது பார்க்க வேண்டிய காட்சி. முதல் வாயிலேயே இடது கண் மூடிக்கொள்ளும். பிறகு முகம் முழுக்கச் சுருங்கும். கடைசியில் தோள் ஒரு உதறு உதறும். "என்ன ஜென்மப் பகையோ தெரியல, என்னைக் கொல்லாம விடமாட்டா" என்று என்னிடம் முறையிடுவார். அக்கா அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

போன குளிர்காலத்தில் அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எனக்கு அது தெரியவந்தது பாலால். நான் உள்ளே நுழைந்தபோது பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகி, கூடமெல்லாம் புகை. என் மூக்குக்கே நெடி எட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

அடுப்பை அணைத்துவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"வரலாம்னாரு. வராமலும் போகலாமாம்." ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "உங்க அத்தான்கிட்ட மட்டும் சொல்லிடாதே."

"ஏன்?"

"தெரிஞ்சா அன்னைக்கே கஷாயத்தை நிறுத்திடுவாரு. இத்தனை வருஷமா எப்படா தப்பிப்போம்னு காத்துக்கிட்டு இருக்காரு." சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "அதுவும் போச்சுன்னா நான் எதுக்குடி?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நல்ல மெஷின் இருக்கிறது, கை நிறைய வேலை இருக்கிறது, எதுக்குடி என்றால் என்ன அர்த்தம்? ஆனால் அவள் கண்ணைப் பார்த்ததும் திட்ட மனசு வரவில்லை.

பிறகு எல்லாம் குத்துமதிப்பாக நடந்தது. கீழ்வீட்டுக்காரி களிம்பைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "எண்ணெய் காறிப்போன வாடை அடிக்குதுங்க" என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அக்கா டப்பாவை வாங்கி மூக்கருகே கொண்டுபோய், ஆமாம் என்று தலையாட்டினாள். பாவி, அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு வந்தவர்களிடம் எல்லாம் "நேரமில்ல" என்றாள்.

அத்தானிடம் மட்டும் நேரமில்லை என்று சொல்ல முடியவில்லை. பழைய பள்ளிக்கூடம் ஒன்றைச் சுரண்டிவிட்டு ஒரு சாயங்காலம் அவர் இருமிக்கொண்டே வந்தார். அக்கா அலமாரி முன்னால் நின்றாள். சுக்குப்பொடியும் அதிமதுரப்பொடியும் பார்வைக்கு ஒரே மங்கல் மஞ்சள். ஒரு பாட்டிலை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். என்னிடம் நீட்டினாள். நான் முகர்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினேன். என் மூக்கு என்றைக்கு உதவியிருக்கிறது?

ஏதோ ஒன்றைப் போட்டுக் கொதிக்கவைத்து டம்ளரில் ஊற்றினாள். எதிரில் உட்கார்ந்தாள்.

அத்தான் ஒரு வாய் குடித்தார். அவர் புருவம் மெல்ல உயர்ந்தது. மிட்டாய் கிடைத்த குழந்தை மாதிரி முகம் ஒரு கணம் மலர்ந்தே விட்டது. சட்டென்று அக்காவைப் பார்த்தார். உடனே இரண்டு கண்ணையும் இறுக்கி மூடி, நாக்கை நீட்டி, "ஐயோ, என்ன கண்றாவிடி இது, மனுஷன் குடிப்பானா!" என்று அலறினார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடிக்காதீங்க. உங்களுக்கு இடது கண்ணுதான் முதல்ல மூடும்."

அத்தான் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"டர்பன்டைன் கொட்டி நாறுற சட்டையோட வந்தேனே, ஒரு நாள். எப்பவும் வாசல்லயே நிறுத்தி, அப்படியே குளியலறைக்குப் போங்கன்னு விரட்டுவே. அன்னைக்குப் பக்கத்துல உக்காந்து சாதாரணமாப் பேசிக்கிட்டு இருந்தே. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் எதையோ கலக்கிக் கொடுத்ததை எல்லாம் குடிச்சீங்களா? நிறுத்தச் சொல்லியிருக்கலாமே. நிம்மதியா இருந்திருப்பீங்க."

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "குடிக்கலைன்னா நீ எழுந்து போயிடுவே. நாள் முழுக்க அந்த மெஷின் கடகடன்னு ஓடுது. நான் இதைக் குடிக்கிற நேரம்தான் நிக்குது. அப்பதான் நீ என் எதிர்ல உக்காந்திருக்கே."

அக்கா முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மூக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து டம்ளரைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினாள். அலமாரியிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, மூடியைத் திறந்தாள். அவர் குனிந்து முகர்ந்தார். முதல் பாட்டிலுக்கு முகம் அசையவில்லை. அடுத்ததற்கும் இல்லை. இன்னொன்றின் மேல் குனிந்தபோது இடது கண் பட்டென்று மூடிக்கொண்டது.

"இதான் அந்தப் பாவி சுக்கு" என்றார்.

மறுபடியும் அடுப்பு பற்றியது. அவள் கரண்டியில் எடுத்து நீட்டுவாள், அவர் சுவைப்பார், அவள் அவர் முகத்தைப் பார்ப்பாள், திரும்பிப் போய் இன்னும் ஒரு சிட்டிகை போடுவாள். தோள் உதறியபோதுதான் அடுப்பை அணைத்தாள்.

டம்ளரோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டு, "கொன்னுட்டா" என்று என்னிடம் முறையிட்டார். பிறகு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகக் குடித்தார். சீக்கிரம் குடிங்க என்று அக்கா சொல்லவில்லை.