பற்றாக்குறைக்குத் தொடை தட்டியவர்

மாசி மாதத்தின் கடைசிப் புதன்கிழமை அது. பாகூர் டீக்கடை டிவியில் பட்ஜெட் உரை ஓடிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் டிப்பர் லாரிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு, புருவமெல்லாம் ஜல்லித் தூசி. நல்ல சேதி எது காதில் விழுந்தாலும் தொடையில் ஓங்கித் தட்டிக்கொள்வார். சிக்கனம் என்று அரசு சாலை வேலைகளை நிறுத்தியதிலிருந்து அவர் லாரிக்கு ஓட்டமில்லை. அன்று அதை விற்க வந்திருந்தார். வாங்க வந்த நெட்டப்பாக்கத்து இளைஞர் லாரியை ஓட்டிப் பார்த்துவிட்டு, சாவியும் கையுமாக எதிரே இருந்தார்.

பற்றாக்குறை கூடினாலும் கிராமச் சாலைகள் போடப்படும் என்று அமைச்சர் வாசித்தார். தொடையில் பலமாக ஓர் அடி விழுந்தது.

“பற்றாக்குறைன்னா கடன்தாங்க. நாளைக்கு வரியா நம்ம தலையிலதான் வந்து நிக்கும்” என்றேன்.

“நிக்கட்டும் சார். வண்டி ஓடுனாதான வரி கட்டுவேன்? ஷெட்ல கெடந்தா இன்னாத்த கட்றது?”

உரையின் அடுத்த பக்கத்திலேயே டீசல் வரி ஏறியது. கடையே சிரித்தது.

“இன்னாண்ணே, டீசலும் ஏறிப்போச்சு. இப்பவாவது வண்டியக் குடுக்கறியா?” என்றார் இளைஞர்.

“சாவியக் குடுடா.”

“அப்ப நான் எப்பிடி வூட்டுக்குப் போறது?”

“ஏறு, வுட்டுட்டுப் போறேன்.”

லாரியை வாங்க வந்தவர் கிளீனர் சீட்டில் உட்கார்ந்து போனார். பற்றாக்குறை நல்லதா கெட்டதா என்று இரு பக்கமும் நிறையப் படித்திருக்கிறேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆனால் பட்ஜெட்டில் சொன்னது அப்படியே நடக்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு முறைதான்.