காளையைச் சினையாக்கிய ஜெப்தூ

கப்சபெட் டவுனுக்கு மேலே, தேயிலைச் சரிவை ஒட்டிய எங்கள் பால் சங்கத்தில் ஒன்பதாயிரம் மாடுகளுக்கு ஒரே ஒரு ஜெப்தூ. எந்த மாட்டுக்கு எந்தக் காளையின் சினை ஊசி, என்றைக்குப் போட்டோம் என்பதெல்லாம் அவள் பராமரித்த டேட்டாபேஸில் இருந்தது. ஊசி போடுகிறவன் நான். மோட்டார் பைக்கில் தொழுவம் தொழுவமாகப் போய், போனிலேயே விவரத்தைத் தட்டி அனுப்பிவிடுவேன். மற்றதெல்லாம் அவள் பாடு.

அவளுக்கு முப்பத்தொரு வயது. உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. ஓட்டப்பந்தயக்காரர்களுக்குப் பேர்போன எங்கள் நந்தி மலையில் ஓடத் தெரியாத ஒரே பெண் தான்தான் என்று தன்னையே கேலி செய்துகொள்வாள்.

டேட்டாபேஸை அவள் கன்டெய்னரில் ஓட்டினாள். அதற்கு வேண்டிய சாமான்களையெல்லாம் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி வைப்பதுதான் அது. ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டால், அந்தக் கட்டு தானாகவே இன்னொன்றில் எழுந்துகொள்ளும். இரண்டு கம்ப்யூட்டருக்கும் எட்ட வேண்டுமே என்று, டேட்டாவை மட்டும் நெட்வொர்க்கில் இருந்த பொது டிஸ்க் பெட்டியில் வைத்தாள். ஆபீசே தன் கடிதங்களையும் கல்யாணப் படங்களையும் போட்டு வைக்கும் பெட்டி அது.

"இது தாங்குமா?" என்று கேட்டேன்.

"லெலெய், நீ மாட்டைப் பாரு. பெட்டியை நான் பாத்துக்கறேன்."

ஏழு மாதம் தாங்கியது.

மார்ச்சில் முதல் மழை பிடித்த அன்று, டீ போடும் சலினாக்கா கெட்டிலைச் சொருக இடமில்லாமல் தாழ்வாரத்தில் ஒரு பிளக்கைப் பிடுங்கினாள். முதல் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அதோடு போயிற்று. அது செத்துவிட்டது என்று நினைத்து இரண்டாவது எழுந்துகொண்டது. டீ கொதித்ததும் சலினாக்கா பிளக்கைப் பழையபடி சொருகினாள். முதலாவது சாகவே இல்லை. ஒரே குழம்பில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் உப்புப் போடுவதுபோல, இரண்டும் ஒரே டேட்டாவில் எழுதத் தொடங்கின.

மறுநாள் காலை, சங்கத்துக்குப் பால் ஊற்றும் தாப்கிகென் அம்மா போனை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஏம்மா ஜெப்தூ, என் காளை சினையா இருக்காம். டிசம்பர்ல கன்னு போடுமாம். உங்க சங்கமே மெசேஜ் அனுப்பியிருக்கு. பிரசவம் பாக்க ஆள் அனுப்புவீங்களா, நானே பாத்துக்கணுமா?"

ஜெப்தூ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே திரையைப் பார்த்தாள். அடுத்த வரியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஒரு கிடேரிக்கு அதன் அப்பனையே ஜோடி சேர்த்திருந்தது.

இரண்டு கம்ப்யூட்டரையும் நிறுத்தினாள். கையில் இருந்த நல்ல நகலுக்குப் பத்தொன்பது நாள் வயது. அதற்குப் பிறகு போட்ட இருநூற்றுப் பன்னிரண்டு ஊசிகளுக்கு விவரமே இல்லை. என் போனோ அனுப்பியதும் அழித்துவிடும்.

தலைவர் அராப் மாய்யோ முற்றத்தில் கூட்டம் கூட்டினார். "டீ போடறவ கையை வெச்சதுல சங்கமே கவுந்துபோச்சு," என்று ஆரம்பித்தார். சுவரோரம் நின்ற சலினாக்கா தோள்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜெப்தூ எழுந்தாள்.

"ஐயா, அவங்களை விடுங்க. ஒரு பிளக்கைப் புடுங்கினா கவுந்துபோற மாதிரி கட்டி வெச்சது நான். நெட்வொர்க் பெட்டியில டேட்டாபேஸை வெச்சு இப்படி ஓட்டாதேன்னு அதோட கையேட்டுலயே கொட்டை எழுத்துல எழுதியிருந்தாங்க. படிச்சேன். நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு விட்டுட்டேன்."

 

"அப்ப உன்னை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார் தலைவர்.

"மாய்யோ, சும்மா இரு," என்றார் தாப்கிகென் அம்மா. "எங்கே உடைஞ்சதுன்னு தெரிஞ்சவ அவ ஒருத்திதான். அவளைத் துரத்திட்டு நீ சரிபண்ணுவியா? உனக்குப் போனையே நான்தான் சார்ஜ்ல போட்டுத் தரேன்."

கூட்டம் சிரித்துக் கலைந்தது.

அதன்பின் ஒன்பது நாள் ஜெப்தூ என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வீடு வீடாக வந்தாள். சேற்றில் இரண்டு முறை விழுந்தோம். விரட்ட வந்த வாத்துக்குப் பயந்து ஓடியபோது, அவளுக்கு ஓடவும் தெரியும் என்பது தெரிந்தது. போன இடமெல்லாம் முர்சிக் தயிரும் உகாலிக் களியும் கொடுத்தார்கள். பெண்களுக்குத் தேதி தெரியவில்லை, நாள் தெரிந்திருந்தது. "என் மருமகன் வந்தானே, அன்னிக்குக் காலையில." ஊசி போட்ட வெறும் குழலைச் சிலர் கூரையில் செருகி வைத்திருந்தார்கள். அதில் காளையின் எண் அச்சாகியிருந்தது.

இருநூற்று ஒன்பது தேறின. மூன்று மட்டும் சிக்கவில்லை. மூன்றையும் தெரியாது என்றே பதிந்தாள். ஊகித்து எழுத மறுத்துவிட்டாள்.

டேட்டா இப்போது கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்கிலேயே இருக்கிறது. பொதுப் பெட்டிக்குத் தினமும் மத்தியானம் ஒரு நகல் மட்டும் போகும். முதல் கம்ப்யூட்டர் நிஜமாகவே படுத்துவிட்டதா என்று நடந்துபோய்ப் பார்த்த பிறகுதான், இரண்டாவதைத் தன் கையால் கிளப்புகிறாள். தாழ்வாரத்தில் புதிதாக ஒரு பிளக் பாயின்ட் வந்திருக்கிறது. "சலினாக்காவுக்கு மட்டும்" என்று அதன்மேல் ஜெப்தூ எழுதி ஒட்டியிருக்கிறாள்.