வாழைமரத்தோடு போன மாப்பிள்ளை

என் லேப்டாப்பில் விரலால் தடவி அம்பை நகர்த்துகிற இடம் செத்துப் பல மாதமாகியிருந்தது. மவுஸ் வாங்கச் சோம்பல். அதனால் மவுஸே தேவைப்படாத ஒரு எழுத்துச் செயலியைப் பிடித்துக்கொண்டேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, எல்லாமே விசைதான். தலைப்பு, அதன் கீழே உட்தலைப்பு, அதற்கும் கீழே சில்லறை விஷயங்கள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். டேப் விசையைத் தட்டினால் கீழே உள்ளதெல்லாம் மடிந்து தலைப்புக்குள் ஒளிந்துகொள்ளும். ஆல்ட்டையும் மேல் அம்பையும் சேர்த்து அழுத்தினால் தலைப்பு குடும்பத்தோடு மேலே ஏறும். ஆல்ட்டும் வலது அம்பும் என்றால் மேலே இருக்கும் தலைப்புக்குள் பிள்ளையாகப் போய் உட்காரும். பர்மாவில், அலோன் துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் நாள் முழுக்கக் கப்பல் காகிதங்களோடு மாரடிக்கிற எனக்கு இந்த அதிகாரம் தலைக்கேறிவிட்டது.

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மொத்தக் கல்யாணத்தையும் அதில் ஏற்றினேன். மேளம், ஐயர், தான்பவுக் பிரியாணி, பூ, வாழைமரம், மாப்பிள்ளை அழைப்பு, தாலி. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு, "எல்லாம் இதுல இருக்கு. யாரும் எதையும் ஞாபகம் வச்சுக்க வேணாம்" என்றேன். எங்கள் குடும்பம் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பை வாழைமரத்துக்கு மேலே ஏற்றப் பார்த்தேன். விரல் வழுக்கி வலது அம்பில் பட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை வாழைமரத்துக்குள் போய்விட்டார். நான் டேப்பைத் தட்டியதும் மடிந்தும்விட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்பா பின்னால் வந்து நின்று, "வாழமரம் வேணாம்டா, கோயில்லயே கட்டித் தர்றாங்களாம்" என்றார்.

"பாருங்கப்பா, ஒரே தட்டு" என்று அழித்துக் காட்டினேன். அப்பா வாய்பிளந்து பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை கோயில் மண்டபத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உத்தரவு போட்டேன். மேளம் வந்தது, பிரியாணி அண்டா வந்தது, பூ வந்தது. அடுத்த தலைப்பு தாலி. தட்டில் தாலியை வைத்தபடி ஐயர், "மாப்பிள்ளை எங்கேப்பா?" என்றார்.

திரையைப் பார்த்தேன். மாப்பிள்ளை என்று ஒரு விஷயமே அதில் இல்லை. அப்பாவிடம் ஓடினேன்.

"மாப்பிள்ளையக் கூட்டிவர ஷ்வேப்யிதாவுக்கு யாருப்பா கார் எடுத்துட்டுப் போயிருக்கா?"

"என்னை ஏண்டா கேக்கறே? உன் பொட்டியில என்ன போட்டிருக்கு?"

செய்ததை ரத்து செய்யும் விசையை அழுத்தினேன். வாழைமரம் திரும்பி வந்தது. டேப்பைத் தட்டினால் உள்ளே மாப்பிள்ளை. திரையில் மட்டும்.

எங்கள் வழக்கப்படி பெண் வீட்டார் நேரில் போய் மாலை போட்டுத்தான் மாப்பிள்ளையை அழைத்துவர வேண்டும். அழைக்காமல் மாப்பிள்ளை வீடு அசையாது. அப்பா சம்பந்திக்குப் போன் செய்தார். "கூப்பிட ஆள் வரலே. கூப்பிடாத எடத்துக்கு நாங்களா வர்றதா?" என்று வைத்துவிட்டார் அந்த மனிதர். இனி கார் போய்த் திரும்புவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். அப்பா என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த விசையும் இல்லை.

தங்கையிடம் யார் சொல்வது? என்னையே தள்ளிவிட்டார்கள். மணப்பெண் அறையில் அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே, "அவரு வேணாம்னுட்டாராண்ணே?" என்றாள். வெளியே எல்லோரும் முகூர்த்தம் முகூர்த்தம் என்று குதித்துக்கொண்டிருக்க, இவள் இந்த ஒரு நினைப்போடு தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

"இல்லம்மா. அவர் வாழமரத்துக்குள்ள இருந்தாரு. நான் அழிச்சிட்டேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் திரையைக் காட்டி விளக்க ஆரம்பித்தேன். அவள் லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டு, என் சட்டைப் பையிலிருந்த போனை உருவினாள். அத்தை, "பொண்ணு பேசக்கூடாதுடி" என்று பதறியதை அவள் காதில் வாங்கவேயில்லை.

"அகோ," என்றாள், பர்மியப் பெண்கள் புருஷனை அழைப்பதுபோல. "எங்க வீட்லேர்ந்து யாரும் வரமாட்டாங்க. நாந்தான் கூப்பிடறேன். வாங்க."

அவர்களிடம் கார் கிடையாது. மாப்பிள்ளை தையல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கூட வேலை செய்யும் பெண்கள் கல்யாணத்துக்கு வருவதற்காகப் பிடித்த, தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் ஃபெரி பஸ்ஸில், முகமெல்லாம் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய அந்தக் கூட்டத்துக்கு நடுவே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே, முகூர்த்தம் முடிவதற்குள் வந்து சேர்ந்தார் மாப்பிள்ளை. முன் சீட்டில் சம்பந்தி, பட்டு வேட்டி கசங்காமல் விறைப்பாக.

அப்பா மாலையோடு ஓடி, மன்னிப்பு மன்னிப்பு என்று அவர் கையைப் பிடித்தார். சம்பந்தி கையை உருவிக்கொண்டார்.

"எதுக்குங்க மன்னிப்பு? எங்க மருமகளே கூப்பிட்டாச்சு. அதுக்கு மேல ஒரு அழைப்பு இருக்கா?"

உள்ளேயிருந்து இதைக் கேட்ட தங்கை அழுதாள். எல்லோரும் அவளைச் சுற்றி நின்று தேற்றினார்கள். தூண் ஓரமாக லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு நானும்தான் அழுதேன், என்னை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை.