தேசப்பன் தலையும் எட்டுப் பேனாவும்

மூளையைப் படம் எடுக்கிற உத்தியோகம் என்றால் பெரிய படிப்பு என்று நினைப்பார்கள். நிஜத்தில் பாதி நாள் ஊரான் தலையைத் தேய்த்துவிடுகிற வேலை. ஈ.ஈ.ஜி. மெஷினோடு மாரடித்த என் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தலையில் சின்னச் சின்ன உலோகத் தட்டுகளைப் பசை வைத்து ஒட்டுவோம். அதிலிருந்து ஒயர் மெஷினுக்குப் போகும். ஓடுகிற காகிதத்தில் எட்டுப் பேனாக்கள் அலை அலையாக எழுதும். மண்டையைத் திறக்காமலே, வலிப்பு எந்த இடத்தில் கிளம்புகிறது என்று டாக்டர் கண்டுபிடிப்பார்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. பட்டணத்தில் கழித்துவிட்ட மெஷின் எங்களிடம் வந்திருந்தது. அங்கேதான் பழவேற்காட்டு மீனவன் தேசப்பன் வந்து சேர்ந்தான். கல்யாணமான பிறகு அவனுக்கு வலிப்பு. அதனால் மருமகள் செங்கேணி வந்த வேளைதான் காரணம் என்று அவன் அம்மா கன்னியம்மா முடிவே கட்டிவிட்டாள். எங்கள் டாக்டரம்மா வேறு காரணம் சொல்லாவிட்டால் ஆரம்பாக்கத்துக்கு, அப்பன் வீட்டுக்கு அவளை அனுப்பிவிடுவதாகப் பேச்சு. அந்தப் பெண் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“எங்க நைனா ஊட்டுக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போவேன்? நல்லா பாத்து எடுண்ணா.”

பளபளத் தலை

தலையை அலசி, எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். தேசப்பன் வந்தான். தலை கண்ணாடி மாதிரி மின்னியது. சீயக்காய் போட்டு அலசியது வாஸ்தவம்தான். அதற்கு மேலே ஒரு கை தேங்காயெண்ணெய்!

ஒட்டிய தட்டெல்லாம் வழுக்கிக்கொண்டு காதுக்கு இறங்கின. ஒன்று அவன் சட்டைக்குள்ளேயே போய்விட்டது. ஸ்பிரிட்டும் பஞ்சும் தீர்ந்ததுதான் மிச்சம். ஏனம்மா இப்படி என் உயிரை வாங்குகிறீர்கள் என்று கத்தினேன். கன்னியம்மா அசரவேயில்லை.

“பெரிய மனுசங்க எதிர்க்க பரட்டத் தலையோட அனுப்பினா, எங்க குப்பத்துல இன்னா பேசுவாங்க?”

பின்பக்கத்து மில்

அடுத்த தடவை காய்ந்த தலையோடு வந்தான். தட்டுகள் ஜம்மென்று ஒட்டின. சுவிட்சைப் போட்டேன். எட்டுப் பேனாவும் சாமி வந்த மாதிரி ஆடின. அந்த நேரம் பார்த்து செங்கேணி தண்ணீர்ச் சொம்போடு உள்ளே வந்தாள். “பாத்தியா, இவ காலை வெச்சா மிசினே ஆடுது!” என்று கன்னியம்மா கூவ, அந்தப் பெண் சொம்பைக் கீழே போட்டுவிட்டது.

டாக்டரம்மா வந்து காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். ஆடியது தேசப்பன் மூளையும் இல்லை, செங்கேணி ராசியும் இல்லை. பின்பக்கத்து நெல் மில்லில் மோட்டார் போட்டிருந்தார்கள்; அந்தக் கரண்ட் இரைச்சல்தான் எங்கள் ஒயரில் ஏறியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் நேரே மில்லுக்குப் போய், கொஞ்ச நேரம் நிறுத்தய்யா என்றேன். மில்காரர் தவிடு படிந்த மீசையைத் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அவன் மூளைய நீ பாக்கறதுக்கு நான் மில்ல நிறுத்தினா, நெல்லக் கொட்டிட்டு நிக்கிறவன் எம் மூளைய எடுத்துருவான்யா!”

தூங்காத ஆள்

மில்லுக்கு லீவு நாளாகப் பார்த்து வரச் சொன்னோம். தூக்கத்தில்தான் வலிப்பின் இடம் நன்றாகப் பிடிபடும். அதனால் ராத்திரி கண் விழித்துவிட்டு வந்து இங்கே தூங்கட்டும் என்றார் டாக்டரம்மா.

விடிந்ததும் ஒரு கூட்டமே வந்து இறங்கியது. தேசப்பன் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள மச்சான், சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் முறை போட்டுக்கொண்டு விழித்திருக்கிறார்கள். அவனுக்குத் தட்டு ஒட்டி முடிப்பதற்குள் வராந்தா முழுக்கக் குறட்டை. பெஞ்சில் ஒருத்தர், பெஞ்சுக்கு அடியில் ஒருத்தர். மச்சான் டாக்டரம்மா நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். கட்டிலில் தேசப்பன் மட்டும் கண் கொட்டாமல் கிடந்தான். ஏனப்பா, தூக்கம் வரவில்லையா என்றேன்.

“வலை போடறவன்ணா நானு, ராத்திரி முழிக்கறதெல்லாம் எனக்கு ஒரு மேட்டரா?”

தாலாட்டு

காகிதம் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவோரம் நின்ற கன்னியம்மாவும் பொறுமை இழந்து, வழக்கமான பாட்டை ஆரம்பித்தாள். “இவ வந்தா, ஊடு நாசமாச்சு. இவ வந்தா, எம் புள்ளைக்கு இழுக்குது...” நிறுத்தம்மா என்று சொல்லத் திரும்பினேன். தேசப்பன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டிருந்தான்!

கொஞ்ச நேரத்தில் இரண்டே இரண்டு பேனாக்கள் எதிரெதிரே முட்டிக்கொள்கிற மாதிரி குதித்தன. மறுபடியும் அதே இரண்டு. அவை முட்டுகிற இடம்தான் வலிப்பு கிளம்புகிற இடம். சந்தோஷத்தில் நான் கட்டிலோரம் நின்ற செங்கேணியின் பக்கம் திரும்பி, எப்படியம்மா இவ்வளவு சீக்கிரம் தூங்கினான் என்று கிசுகிசுத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து இப்டித்தாண்ணா, அத்தை வாயத் தொறந்தா இவரு கண்ண மூடிக்குவாரு.”

இடது காதுக்கு மேலே

டாக்டரம்மா காகிதத்தை விரித்து, இடது காதுக்கு மேலே விரலை வைத்து, இங்கேதான் கிளம்புகிறது என்றார். இந்த மாதிரி இடத்தில் பழைய தழும்பு இருக்கலாம், அது பல வருஷம் கழித்துக்கூட வலிப்பாகக் கிளம்பும் என்று சொல்லி, சின்ன வயதில் எப்போதாவது இழுத்ததா என்று கேட்டார்.

“மூணு வயசுல ஜுரம் கொதிச்சி ரொம்ப நேரம் இழுத்துச்சும்மா. பொழைக்கமாட்டான்னே சொன்னாங்க” என்றாள் கன்னியம்மா, பெருமையாக.

செங்கேணி முதல்முறையாக மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப நான் பொறக்கவேயில்ல அத்தே” என்றாள்.

கன்னியம்மா ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நல்ல வேளையாக டாக்டரம்மா மாத்திரையை நீட்டினார். ஒரு வேளைகூட விடக்கூடாது, எவ்வளவு காலம் என்று பிறகு சொல்கிறேன் என்றார். கன்னியம்மா அதை வாங்கி, கொஞ்சம் தயங்கி, மருமகள் கையில் வைத்து அழுத்தினாள்.

“நீயே வெச்சிக்கினு வேளா வேளைக்குக் குடு, எனக்கு மறந்து பூடும்.”

நான் எடுத்த படங்களிலேயே, நோயாளியைவிட அவன் பெண்டாட்டிக்கு முதலில் குணம் தெரிந்தது அது ஒன்றில்தான்.