பத்துப் படத்துக்கு ஒரு டியூஷன்

போன செவ்வாய்க்கிழமை என் கணவர் குடைப் படத்தைப் பார்த்து, "சீப்பு" என்றார். அடுத்து ஏணியைப் பார்த்து, "பூட்டு" என்றார். கணீரென்று, துளி சந்தேகம் இல்லாமல்!

தப்பு அவருடையது இல்லை. டியூஷன் எடுத்த என்னுடையது.

வாராவாரம் என்னைச் சகித்துக்கொள்ளும் உங்களிடம் மறைப்பானேன்? இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது. வலது கைதான் இன்னும் சண்டித்தனம் செய்கிறது. பேச்சு? நினைப்பெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, வார்த்தைதான் வாய்க்கு வர மறுக்கிறது. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் முப்பது வருடமாகச் சரக்கின் தரம் பார்ப்பவர். போடிமெட்டிலிருந்து இறங்கும் ஜீப்புகளின் இரைச்சலுக்கு மேல் சத்தம் போட்டுப் பேசியவர், இப்போது தண்ணீருக்குக் கூடக் கையைக் காட்டுகிறார். என்னால் தாங்க முடியவில்லை.

பேச்சு எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டால், ஆளுக்கொரு மார்க். காலையில் குரங்கணியிலிருந்து வந்த கொழுந்தன், "அண்ணே நல்லாத்தேன் பேசுறாக மதினி, நீங்க சும்மா பயப்படுறீக" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே எதிர்வீட்டு அக்கா, "என்னத்தா, பேச்சு சுத்தமா போச்சா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரே மனிதர், ஒரே நாள்!

சரியென்று தேனியில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம் போனோம். நிவேதா என்று பெயர், எங்கள் மூத்த பெண்ணின் வயதுதான் இருக்கும். பத்துப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் கேட்டாள். அவர் திணறினார். நான் பக்கத்திலிருந்து "பூ... பூட்..." என்று எடுத்துக்கொடுத்தேன். அடுத்த தடவை வாயையே திறக்கக் கூடாது என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பார்ப்போம்மா. அப்பத்தான் பயிற்சியை எங்க ஆரம்பிக்கணும்னு தெரியும்."

ரெண்டு வாரமா! இரண்டு பெண்களைப் பிளஸ் டூ தேற்றிவிட்டவள் நான். கேள்வித்தாள் தெரிந்த பிறகு சும்மா இருப்பேனா? சீப்பு, பூட்டு, குடை, ஏணி... பத்தையும் அதே வரிசையில் ஒப்பிக்க வைத்தேன். காபிக்கு முன் ஒரு தடவை, மாத்திரைக்குப் பின் ஒரு தடவை. தேனி பஸ்ஸிலும் விடவில்லை.

"பூட்டுக்கு அடுத்து என்னங்க? வெரசா சொல்லுங்க!"

முன்சீட்டுக்காரர் திரும்பி, "குடை" என்றார்.

நிவேதா என்ன செய்தாள் தெரியுமா? படங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துவிட்டாள். அதனால்தான் குடைக்குச் 'சீப்பு'.

அவள் சிரிக்கவில்லை. வேறு பத்துப் படங்களை எடுத்தாள். முதலில் கரண்டி. அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னம்மா இது? படிச்சதுலருந்துதானே கேக்கணும்?"

"இதுல பாஸ் பண்ணி என்னம்மா ஆகப்போகுது? அப்பாவுக்கு எது தானா வருது, எது வரலைன்னு எனக்குத் தெரியணும். கலைக்காம விட்டிருந்தா, பத்துக்குப் பத்துன்னு நம்பி, பேர் சொல்ற பயிற்சியையே விட்டுட்டு மேல போயிருப்பேன். இந்த முதல் சில மாசந்தான் பேச்சு வெரசாத் திரும்புற காலம். அது வீணாப் போயிருக்கும்."

சுரீரென்றது. அவரைப் பார்த்தேன். இடது கையை முழங்கை வரை எதற்குள்ளோ விடுவது போலக் கீழே இறக்கினார். அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார். என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டி, உதட்டைப் பிதுக்கினார்.

"அப்பா என்ன சொல்றாங்க?"

"மூட்டைக்கு மேலாக்க மட்டும் நல்ல காயாப் பரப்பிக் கொண்டாந்துட்டேனாம். அடியில கையை விட்டாத்தேன் சரக்கு தெரியுமாம்."

"இதைத்தாம்மா நான் நாலு வருஷம் காலேஜ்ல படிச்சேன்!" என்றாள் நிவேதா. அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நோய் வந்த பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான்.

வியாழக்கிழமை மறுபடி போனோம். என்னை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, புதுப் படங்களைக் காட்டி, பதில்களைப் பதிவு செய்து, இன்னொரு தெரபிஸ்டையும் அந்தப் பதிவைத் தனியாகக் கேட்டு மார்க் போடச் சொன்னாள். இரண்டு பேரும் போட்டது பத்துக்கு நாலு. குறைச்சல்தான், ஆனால் கலப்படம் இல்லாத நாலு.

பாசம் வைத்தவர்கள் பரிசோதகராக இருக்க லாயக்கில்லை. நம் ஆள் தேறிவிட வேண்டும் என்ற அவசரத்தில் விடையையும் நாமே எழுதிவிடுகிறோம், இல்லையா?

எனக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள். அவர் எதையாவது கேட்க முயன்றால், எடுத்துக்கொடுக்காமல் மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும்.

முந்தாநாள் மதியம். ரசம் சாதம் முடித்துவிட்டு, வழக்கம்போல அடுப்படிப் பக்கம் கையை நீட்டினார். எனக்குத் தெரியாதா? ரசம்தான். இரண்டு மாதமாக அந்தக் கை நீளும்போதெல்லாம் இன்னொரு கரண்டி ஊற்றியிருக்கிறேன், அவரும் பேசாமல் குடித்திருக்கிறார். என் ரசத்துக்கு இப்படியொரு ரசிகரா என்று எனக்குப் பெருமை வேறு! சொல்ல வாயெடுத்தவள், பொத்திக்கொண்டு எண்ணினேன். ஆறு... ஏழு... எட்டு...

"மோ... மோரு" என்றார்.

சளி பிடிக்கும் என்று நானே நிறுத்திவிட்ட மோர். அடப்பாவமே, இத்தனை நாளும் மனிதர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்!

டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடுப்படிக்குள் போய் ஒரு பாட்டம் அழுதேன்... ரசத்தை நினைத்து இல்லை, நம்புங்கள்!