சாயம் ஏறாத ஒரே சட்டை

அக்கா வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிடுவாள். வாசலுக்கு வெளியே ஒரு கால், உள்ளே ஒரு கால். "இன்னிக்கு என்ன கூத்து தெரியுமாடா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் முழுதையும் கொட்டி முடித்த பிறகுதான் இரண்டாவது கால் உள்ளே வரும்.

மருந்துக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் ஆலையில் அவளுக்கு வேலை. மடித்து ஒட்டிய பெட்டிகள் வரிசையாக நகர்ந்து வரும்போது கோணல் மடிப்பு, வழிந்த பசை, மங்கிய எழுத்து எல்லாவற்றையும் கண்ணாலேயே பிடித்துத் தூக்கிப் போட வேண்டும். அந்தக் கண் வீட்டுக்கும் வந்துவிடும். நான் ஒரு துண்டை மடித்து வைத்தால்கூட அதைப் பிரித்து, "பட்டதாரி மடிச்ச லட்சணத்தைப் பாரு" என்று மறுபடி மடிப்பாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அதில் எனக்கு உள்ள பெருமை கொஞ்சநஞ்சமல்ல; அவளுக்கு அதைவிட ஒருபடி கூட. திட்டும்போதும் பட்டத்தை விட்டுவிட்டுத் திட்டமாட்டாள்.

அந்த ஆலையில் நீலம் இரண்டு வகை. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வெளிர்நீலச் சட்டை, பெர்மனென்ட் ஆட்களுக்குக் கருநீலச் சட்டை. சொந்த உடுப்புக்கு மேலே கோட்டு மாதிரி மாட்டிக்கொள்ளும் பருத்திச் சட்டைதான் இரண்டும். ஒரே தையல், ஒரே பொத்தான். நிறத்தில் மட்டும்தான் வித்தியாசம், ஆனால் அங்கே எல்லாமே அந்த நிறத்தை வைத்துத்தான். சாப்பாட்டுக்கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உள்ள மேசைகள் கருநீலத்துக்கு. கைகழுவும் தொட்டியை ஒட்டி, காலடியில் ஈரம் ஓடும் மேசைகள் வெளிர்நீலத்துக்கு. காய்ச்சல் வந்தால் கருநீலம் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். வெளிர்நீலம் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து நிற்க வேண்டும். அக்கா சேர்ந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். நான் படித்து முடித்து வேலைக்கும் போயாயிற்று, அவள் மட்டும் இன்னும் வெளிர்நீலத்திலேயே இருந்தாள். "அடுத்த மாசம் பார்க்கலாம்மா" என்று சூப்பர்வைசர் சொல்லாத மாதம் கிடையாது.

இந்த முறை நிஜமாகவே வந்தது. மடிப்புப் பிரிவில் ஒரே ஓர் இடம் காலியாகி, அக்காவை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் மேலாளர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்க, அவள் காய் நறுக்கிக்கொண்டே பதில் சொல்லிப் பழகினாள். "அதுவரைக்கும் யார் வம்புக்கும் போகாதக்கா" என்றேன். "நான் என்னைக்குடா போனேன்? வம்புதான் என் அட்ரஸ் கேட்டு வருது" என்றாள்.

வந்தது, அறிவிப்புப் பலகை வழியாக. கம்பெனி புதுச் சின்னம் மாற்றியிருந்ததாம். அதில் இரண்டு நீலம். அதைக் கொண்டாட, 'நீலமும் கருநீலமும்: ஒரு படைப்பு அனுபவம்' என்று ஷிப்டு முடிந்த பிறகு ஒரு நிகழ்ச்சி. எல்லோரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்.

"காலைலேர்ந்து நீலத்தைத்தானே பார்த்துக்கிட்டு நிக்கறோம்? இதுல அனுபவம் வேற! கடைசி பஸ்ஸை விட்டுட்டு இருட்டுல நடந்து வர்றதுதான் அனுபவம்," என்று அன்று வாசலில் வெகுநேரம் நின்றாள்.

நிகழ்ச்சியை நடத்த வந்தது ஓர் ஓவியப் பெண். காதில் நீலக் கம்மல், தோளில் நீலப் பை, விரல் நகம்கூட நீலம். எல்லோரையும் தரையில் வட்டமாக உட்காரவைத்தாள். கருநீலம் ஒரு பக்கமும் வெளிர்நீலம் ஒரு பக்கமுமாக, யாரும் சொல்லாமலே வட்டம் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்தது.

"நீலம்னதும் மனசுல என்ன வருதோ அதைச் சொல்லுங்க. இதுல சரி, தப்புன்னு எதுவுமே இல்ல."

"வானம்" என்றது ஒரு கருநீலம். "அருமை!" "கடல்." "அழகு!" "அமைதி." "ஆஹா!"

அக்காவுக்குப் பக்கத்தில் நின்று பெட்டி மடிக்கும் தோழியை ஆலை முழுக்க ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள், வாயை மூடமாட்டாள். அவள் முறை வந்தது. "கைகழுவற தொட்டி" என்றாள்.

"ஓ! தண்ணீர், தூய்மை... ரொம்ப ஆழமா யோசிச்சிருக்கீங்க!"

"ஆழமெல்லாம் இல்ல மேடம். அடைச்சுக்கிட்டு நிக்குது."

சிரிப்பு அடங்குவதற்குள் ஓவியப் பெண் அக்காவிடம் வந்துவிட்டாள். "உங்களுக்கு? கருநீலம்னா என்ன?"

"அடுத்த மாசம்" என்றாள் அக்கா.

வெளிர்நீலப் பக்கம் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதிர்காலம்! நம்பிக்கை!" என்று பலகையில் பெரிதாக எழுதி, கீழே கோடும் போட்டாள். சூப்பர்வைசர் மட்டும் சிரிக்காமல் அக்காவைப் பார்த்தார். இனி வாயே திறப்பதில்லை என்று அக்கா அங்கேயே முடிவு செய்துகொண்டாள். கண்ணை மூடி, இசை கேட்டு, மனதிலுள்ள நீலத்தை வரையச் சொன்னபோதும் அவள் ஒரு பெட்டியைத்தான் வரைந்தாள். மடிப்புக் கோடெல்லாம் நேராக இருந்ததாம்.

பிறகுதான் அந்த டிரம்மைத் திறந்தார்கள். அவுரிச் சாயம். மேலே செம்பு நிறத்தில் நுரை, உள்ளே பாசி நிறத்தில் தண்ணீர், மூக்கைப் பொத்தவைக்கும் வாடை. ஓவியப் பெண் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கைக்குட்டையை முக்கி எடுத்தாள். பச்சையாக வந்தது. "இதையா நீலம்ங்கறாங்க?" என்று ஒருத்தி முணுமுணுத்து முடிக்கும் முன் ஓரத்திலிருந்து பச்சை கலைந்து நீலம் ஏறத் தொடங்கிவிட்டது. "காத்து பட்டாதான் நீலமாகும். மறுபடி மறுபடி முக்கினா கருநீலம்" என்றாள் அவள். அந்த ஒரு நிமிடம் மட்டும் தனக்கும் வாய் பிளந்துவிட்டது என்று அக்காவே ஒத்துக்கொண்டாள்.

ஆளுக்கொரு கைக்குட்டை கொடுத்தார்கள். கருநீலப் பக்கத்தோடு கைக்குட்டை தீர்ந்துபோனது. ஆபீஸ் கணக்குப்படி கம்பெனி ஆட்கள் அவர்கள்தான். மற்றவர்கள் காண்ட்ராக்டரின் ஆட்கள். உட்கார்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எல்லோருக்கும், துணி பாதிப்பேருக்கு.

ஓவியப் பெண்ணுக்கு இந்தக் கணக்கெல்லாம் எப்படித் தெரியும்? "பரவாயில்ல, உங்ககிட்ட இருக்கற துணி எதுவானாலும் முக்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

ரேடியோ எழுந்தாள். வெளிர்நீலச் சட்டையைக் கழற்றினாள்.

"அடியே, என்னடி பண்றே?" அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"மேடம்தானே சொன்னாங்க, எது வேணா முக்கலாம்னு. என்கிட்ட இருக்கற பருத்தி இதுதான்."

"யூனிஃபார்ம்டி அது!"

"உள்ள போட்டிருக்கறதைக் கழட்டட்டுமா அப்போ?"

சட்டை டிரம்முக்குள் போயிற்று. பச்சையாக வெளியே வந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறியது. இரண்டாவது முறை முக்கியதும், தள்ளி நின்று பார்த்தால் அசல் பெர்மனென்ட். அப்புறம் ஒருத்தரையும் பிடிக்க முடியவில்லை. வெளிர்நீலப் பக்கம் முழுக்க டிரம்மைச் சுற்றி முண்டியடித்தது. அக்கா மட்டும் தன் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினாள். நேர்முகம் ஒரு வாரத்தில் இருந்தது.

வெளியே டீ குடிக்கப் போயிருந்த சூப்பர்வைசர் திரும்பி வந்து, கொடிக்கயிற்றில் சொட்டச் சொட்டத் தொங்கிய சட்டைகளைப் பார்த்தார். "யாரைக் கேட்டு..." என்று தொடங்கியபோது பின்னாலேயே மேலாளர் வந்துவிட்டார். ஓவியப் பெண் பூரித்துப்போய் நின்றாள். மேலாளர் கைதட்டினார். "பிரமாதம்! இதுதான் குழு உணர்வு!" போட்டோ எடுத்தார்கள். சூப்பர்வைசரும் அதில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை சூப்பர்வைசர் ஆலை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். கிட்டே போனால் திட்டுத் திட்டாக, எட்ட நின்றால் கருநீலமாக ஒரு கும்பல். நடுவில் ஒரே ஒரு வெளிர்நீலம், என் அக்கா. "நீ மட்டும் உள்ள போ. மத்தவங்க யாரும் நகரக்கூடாது" என்றார். அவளைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார்.

"யாரும்மா ஆரம்பிச்சது? பேரை மட்டும் சொல்லு. உனக்கு அடுத்த வாரம் இண்டர்வியூ இருக்கு, ஞாபகம் இருக்குல்ல?"

ரேடியோவின் கழுத்தை நெரிக்கும் கோபம் அக்காவுக்கு இருந்தது. அவள் பேரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாளாம். ஆனால் வந்தது வேறு. "எனக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது சார். நேத்து ரொம்பக் கோவத்துல இருந்தேன்."

"சரி, போய் மெஷினைப் போடு."

"போடறேன் சார். மடிக்கறது யாரு, ஒட்டறது யாரு, அடுக்கறது யாரு? நான் ஒருத்தி நின்னு காத்தையா செக் பண்றது?"

சரக்கு ஏற்ற வந்த லாரிக்காரர் வெளியே ஹார்ன் அடிக்கத் தொடங்கினார். சூப்பர்வைசர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கும்பல் உள்ளே போயிற்று. புது வெளிர்நீலச் சட்டை தைத்து வர நாளாகும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். மேலாளரே கைதட்டிய சட்டையைக் கழற்று என்று சொல்லவும் யாருக்கும் தைரியமில்லை.

அன்று அக்கா ரேடியோவை மட்டும் திட்டவில்லை. ஓவியப் பெண்ணை, டிரம்மை, அவுரிச் செடியை, வானவில்லில் கருநீலத்தைத் தனியாகப் பிரித்துவைத்தவனை எல்லோரையும் வாசலில் நின்று திட்டினாள். "நீலத்தை நீலம்னு ஒண்ணா விட்டிருந்தா என்னடா கெட்டுப்போயிருக்கும்?" என்று என்னைக் கேட்டாள், நான்தான் பிரித்த மாதிரி.

நேர்முகத்தன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் காத்திருந்தேன். அவள் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"என்னக்கா கேட்டாங்க?"

"நீ சொல்லிக்குடுத்தது ஒண்ணுமே கேக்கல." தண்ணீரை வாங்கிக் குடித்தாள். "அந்த போட்டோவைப் பெருசாக்கி மேசைமேல வச்சிருக்காங்க. இதுல நீங்க எங்கம்மான்னு கேட்டாரு மேனேஜர். ஓரமா சுவத்தோட சுவரா நிக்கறேன். சட்டையை யாரோ பறிக்க வந்த மாதிரி கட்டிப் பிடிச்சுக்கிட்டு. எல்லாரும் கலந்துக்கிட்டாங்க, நீங்க மட்டும் ஏன் தள்ளி நிக்கறீங்க, பெர்மனென்ட் ஆகறவங்களுக்குக் குழு உணர்வு வேணுமில்லையான்னு கேக்கறாரு."

"சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்லலையா?"

"அவரா? போட்டோவுல தன் பல்லு நல்லா விழுந்திருக்கான்னு பார்த்துக்கிட்டிருந்தாரு."

"நீ என்ன சொன்னே?"

"முக்கினவங்களை வாசல்ல நிறுத்தினீங்க. முக்காதவளை இங்க நிறுத்தறீங்க. எந்த நாளைக்கு எந்த நிறத்துல வரணும்னு முன்னாடியே சொல்லிடுங்க சார், அப்படியே வர்றேன்னு சொன்னேன். நல்லா பேசறீங்கன்னு சிரிச்சாரு. அடுத்த தடவை பார்க்கலாம்னு அனுப்பிட்டாரு."

அதோடு எழுந்து, நான் மடித்து வைத்திருந்த துணியையெல்லாம் பிரித்துப் போட்டு மடிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் நடந்ததை ரேடியோ எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னாள். அக்கா இருந்தால் சொல்லவிடமாட்டாள் என்று, அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து.

சாயச் சட்டைக்காரிகள் அதற்குள் மின்விசிறி மேசைகளில் உட்காரப் பழகியிருந்தார்களாம். மற்ற பிரிவுக்காரர்களுக்கு முகம் தெரியாது, சட்டைதான் தெரியும், யாரும் கேட்பதில்லை. அன்று மதியம் அக்கா தூக்குவாளியோடு கூடத்துக்குள் வந்தாள். தொட்டிப் பக்கம் போகவில்லை. நேராக வந்து மின்விசிறிக்குக் கீழே, ரேடியோவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் முழுதும் கருநீலம், நடுவில் அவள்.

கேண்டீன்காரர் ஓடி வந்தார். "ஏம்மா, லைட் கலருக்கெல்லாம் அந்தப் பக்கம். தெரியாதா?"

"தெரியும்" என்றாளாம் அக்கா, மூடியைத் திறந்துகொண்டே.

"அப்போ எழுந்திரும்மா. சூப்பர்வைசர் பார்த்தா என்னைத்தான் கத்துவாரு."

ரேடியோ எழப் போனாள். "வாக்கா, நாமளே அங்க போயிடலாம். இப்பதான் ஒண்ணு போச்சு, இருக்கறதும் போயிடப்போவுது."

"நீ உக்காருடி" என்றாள் அக்கா. கேண்டீன்காரரை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணே, நீங்க போய் சூப்பர்வைசரைக் கூட்டிட்டு வாங்க. மேனேஜர் சும்மா இருந்தா அவரையும் கூப்பிடுங்க. அவங்க வர்றதுக்குள்ள நான் சாப்பிட்டு முடிச்சுடுவேன். முடியலைன்னா அவங்க நிக்கட்டும்."

அவர் போனார். சாப்பாட்டுக்கூடமே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. "எனக்கு ஒரு வாய் இறங்கலப்பா" என்றாள் ரேடியோ. "உங்கக்கா தூக்குவாளியைக் காலி பண்ணிட்டு கேண்டீன்ல மறுசோறு வாங்கப் போனா."