நிறுத்தினால் பலகாரம்

காப்பாரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் சாலையில், தோளில் ஒரு பையோடு நடந்துகொண்டிருந்தேன். முதலாளி லோரியை விற்றுவிட்டார். லோரி போன பிறகு அதில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றியவனுக்கு என்ன வேலை? அவர்மேல் கோபமில்லை. நானும் எந்த வேலையிலும் ஒரு வருடம் தாண்டி நின்றதில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் பிரிக்பீல்ட்ஸில் பியானோ வாசித்துவிட்டு, மறுநாள் ஈப்போ பஸ் ஏறலாம் என்று எண்ணம்.

பியானோ என் வாழ்க்கையில் வந்தது முதுகின் வழியாகத்தான். முந்தைய வருடம் வீட்டுச் சாமான் ஏற்றும் லோரியில் இருந்தேன். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருடைய பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் பழைய பியானோ ஒன்றை நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போனோம். இறக்கி வைத்ததும், எதுவும் உடையவில்லையே என்று பார்க்கும் சாக்கில் மூடியைத் திறந்து, ரப்பர் தோட்டத்துக் கோயில் பஜனையில் ஆர்மோனியத்தில் பழகிய ஒரு முருகன் பாட்டை வாசித்தேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். முழுதாகக் கற்றது அந்தப் பாட்டு ஒன்றுதான். வலது கை கட்டைகளில் ஓடியது. இடது கை, ஆர்மோனியத்துக்குக் காற்றடித்த பழக்கத்தில், வெறும் காற்றில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் அந்தக் கையைத்தான் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழம வாங்க தம்பி. அந்தக் கையையும் கூட்டிட்டு வாங்க."

அப்படித்தான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். மொத்தம் நாலு பேர். அங்கிள், அதாவது வீட்டுக்காரர், பக்கத்துத் தெருவில் செருப்பும் சப்பாத்தும் விற்கும் கடை வைத்திருந்த சீன முதலாளி, கிள்ளானிலிருந்து வரும் ஒரு ஆஸ்பத்திரித் தாதி, நான். கடை முதலாளியைத் தவுக்கே என்றும் தாதியை மிஸ்ஸி என்றும்தான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும். தப்பாக வாசிக்கலாம், மெதுவாக வாசிக்கலாம், நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தியவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் பலகாரம் கொண்டுவர வேண்டும்.

நான் சேர்ந்த நாளிலிருந்து பலகாரம் கொண்டுவந்தது மிஸ்ஸி மட்டும்தான். நாற்பது வயதுக்கு மேல் பியானோ தொட்டவர். ஒரு தப்பு விழுந்தால் போதும், கை இரண்டும் மேலே போய்விடும். வார்டில் தப்பு மருந்து கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக முடியுமா என்று கேட்பார். குடையைப் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டோம் என்பதற்காக ரயிலை நிறுத்த முடியுமா என்று அங்கிள் திருப்பிக் கேட்பார். வாக்குவாதம் முடிவதற்குள் தவுக்கே, மசாலா உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப்பில் இரண்டாவதை எடுத்திருப்பார். மிஸ்ஸியின் கறிபாப் அப்படி. கஷ்டமான இடத்தை அவர் நெருங்கும்போது தவுக்கேவுக்குத் தவறாமல் இருமல் வருவதும் அதனால்தான்.

அன்று வழியில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் ஏற்றிக்கொண்டு கிள்ளானில் இறக்கிவிட்டார். பஸ்ஸில் ஏறினால், மடியில் பலகார டின்னோடு மிஸ்ஸி. என் பையைப் பார்த்ததும் அடுத்து எந்த ஊர் என்று கேட்டார். ஈப்போ என்றேன். கொஞ்ச நேரம் டின்னைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நானும் இன்னியோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன், தம்பி. இன்னிக்கும் பாதியில நின்னுட்டேன்னா இனிமே வர மாட்டேன். என்னைக் கூப்பிடுறாங்களா, கறிபாப்பைக் கூப்பிடுறாங்களான்னே தெரியல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் அவர் விரல்கள் டின் மூடியில் அன்று வாசிக்க வேண்டிய பாட்டையே வாசித்துக்கொண்டு வந்தன.

அவர் டின்னைச் சமையலறையில் வைக்கப் போனபோது மற்ற இருவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். தவுக்கேயின் முகம் வெளுத்துவிட்டது. அன்று மிஸ்ஸி பியானோ முன் உட்கார்ந்ததுமே தவுக்கே ஒரு இருமல் மிட்டாயை எடுத்து வாயில் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மிஸ்ஸி ஆரம்பித்தார். முதல் பக்கம் நன்றாகவே போனது. கஷ்டமான இடம் வந்தது, தப்பும் வந்தது. கைகள் கட்டைகளை விட்டு எழுந்தன. அங்கிள் சட்டென்று எழுந்து நின்றார். பியானோக் கட்டைகளின் மேல் போர்த்தும் பச்சைத் துணி அவர் கையில் இருந்தது. அதை விரித்து, தலைக்கு மேல் தூக்கி, கார்டு கொடி காட்டுவதுபோல நிதானமாக வீசினார். மிஸ்ஸி பார்த்தார். கைகள் இறங்கின. அதற்குப் பிறகு விழுந்த தப்புகளுக்குக் கணக்கே இல்லை; ஒரு இடத்தில் இரண்டு வரி காணாமலே போயிற்று. அங்கிள் கொடியை இறக்கவில்லை. வண்டி தடதடவென்று கடைசி ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தது.

தவுக்கே எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"அப்ப அடுத்த வாரம் கறிபாப் யாரு லா?"

மிஸ்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அடுத்து என் முறை. முருகன் பாட்டை எடுத்தேன். சரணத்துக்குள் போகும்போது பின்னாலிருந்து மிஸ்ஸியின் குரல், நோயாளியை விசாரிக்கிற அதே கனிவோடு வந்தது.

"தம்பி, காத்து போதுமா?"

குனிந்து பார்த்தேன். என் இடது கை மும்முரமாகக் காற்றடித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வலது கையும் நின்றுவிட்டது.

மேல்முறையீடு கிடையாது. மறுநாள் ஈப்போ போகிறேன், எனக்கு வீடே கிடையாது, அடுப்புக்கு எங்கே போவது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். சட்டத்தில் ஈப்போ பற்றி ஒன்றும் இல்லை என்றார் அங்கிள். மிஸ்ஸி உள்ளே போய், காலி டின்னைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"அடுத்த வாரம் நான் சும்மா கைய வீசிட்டு வருவேன். எனக்கு ரெண்டு எடுத்து வைங்க."

அன்று இரவு தவுக்கே கடையின் முன்நடையான அஞ்சடியில் அட்டைப்பெட்டிகளை விரித்துப் படுத்தேன். டின் தலைமாட்டில் இருந்தது. விடிந்ததும் பஸ் நிலையத்துக்குப் போகிற வழியை விட்டு, மறுபக்கம் நடந்தேன். தெருமுனையில் வடையும் கறிபாப்பும் போடுகிற ஒட்டுக்கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் தனியாளாகத் திணறிக்கொண்டிருந்தார். வேலை கேட்டேன். என் பையையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தன நாளைக்கு இருப்ப?"

"ஞாயித்துக்கிழம வரைக்கும் கண்டிப்பா இருப்பேன், அண்ணே."

அதற்கு முன் எந்த முதலாளியிடமும் நான் நாள் சொன்னதில்லை. அவர் ஒரு கூடை உருளைக்கிழங்கை என் பக்கம் காலால் தள்ளினார். டின்னை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, தோலுரிக்க உட்கார்ந்தேன்.